ஓஸ்வீகோவில் ஏரி அடங்கும்வரை: எத்தனை நாள் ஒதுக்குவது, என்ன செய்வது?

நன்னீர்ப்பாய் | திங்கள், காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். ஹட்சன் ஆற்றிலிருந்து கிளம்பி ஈரி கால்வாய், ஒனைடா ஏரி, ஓஸ்வீகோ கால்வாய் என்று நிதானமாக வந்து, இப்போது நியூயார்க் மாநிலத்தின் ஓஸ்வீகோ ஊரில் படகைக் கட்டியிருக்கிறோம். 34 அடிப் பாய்மரப் படகு. நான், மனைவி, அவளுடைய அண்ணன், கூடவே ஒரு நாய். அடுத்து ஒன்டாரியோ ஏரியைத் தாண்டி கனடாவின் கிங்ஸ்டன் போக வேண்டும். அங்கிருந்து ஆயிரம் தீவுகள் பக்கம் மெதுவாகச் சுற்றுவதாகத் திட்டம்.

கால்வாய்க்காகப் படுக்க வைத்திருந்த பாய்மரத்தை இங்கே கிரேன் வைத்து நிறுத்தியாகிவிட்டது. அன்றிலிருந்து காற்று வடமேற்கை விட்டு நகரவில்லை. அலைத்தடுப்புச் சுவரின் மேல் தண்ணீர் ஏறி விழுவது படகிலிருந்தே தெரிகிறது. இன்றைய அறிக்கையில் மூன்று முதல் ஐந்து அடி அலை, சிறுபடகு எச்சரிக்கையும் உண்டு. நாளையும் அப்படித்தான் போலிருக்கிறது.

மைத்துனருக்கு விடுப்பு முடிகிறது, வார இறுதிக்குள் அவர் திரும்பியாக வேண்டும். அவர் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கடப்பதில் மனைவிக்குத் தயக்கம். புதன்கிழமை காற்று கொஞ்சம் குறையும் என்று தெரிகிறது. அதைப் பிடித்துக் கிளம்பிவிடலாமா, இல்லை இங்கேயே தங்குவதா? இந்த வழியாகப் போனவர்கள் ஓஸ்வீகோவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள்? தங்கினால் அந்த நாட்களில் படகில் என்ன வேலை பார்க்கலாம், ஊரில் என்ன இருக்கிறது, எல்லாமே சொல்லுங்கள்.

தென்கரை | திங்கள், காலை 8.15

தம்பி, படகைக் கட்டியே வைத்திருங்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். ஓஸ்வீகோவில் காத்திருக்கும் எல்லோருக்குமே இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்டாரியோ ஏரி கிழக்கு மேற்காக 311 கிலோமீட்டர் நீளம். நீங்கள் நிற்பது அதன் தென்கிழக்கு மூலை. மேற்கிலிருந்து காற்று அடித்தால், மேற்கு முனையிலுள்ள ஹாமில்டன் பக்கத்தில் தொடங்கும் அலை உங்கள் அலைத்தடுப்பு வரைக்கும் 250 கிலோமீட்டருக்கு மேல் தடையே இல்லாமல் ஓடி வருகிறது. அலையின் உயரத்தைத் தீர்மானிப்பது காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் அடிக்கிறது, எவ்வளவு தூரம் திறந்த நீர் கிடைக்கிறது என்ற மூன்றும்தான். பரப்பளவில் ஐம்பெரும் ஏரிகளில் இதுதான் சிறியது. ஆனாலும் கிழக்கு முனையில் நிற்பவருக்கு அந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்துவிடுகிறது.

கடலில் பழகியவர்கள் இங்கே ஏமாறுவது அலைகளின் இடைவெளியில். கடலில் நான்கு அடி அலை எட்டு, பத்து விநாடிக்கு ஒன்றாக வந்தால் படகு ஏறி இறங்கிவிடும். இங்கே அதே நான்கு அடி நாலைந்து விநாடிக்கு ஒன்றாக வரும். ஒன்றில் இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மோதும். 34 அடிப் படகு அதில் வேகம் இழந்து நின்றுவிடும். எஞ்சினைக் கூட்டினாலும் மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல் மைல்) வேகத்துக்கு மேல் போவது கஷ்டம்.

அறிக்கையில் வரும் எண்ணையும் கவனமாகப் படியுங்கள். அது குறிப்பிடுவது அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனித்தனி அலைகளில் சில அதைப்போல் இரண்டு மடங்கு வரைகூட வரும். ஐந்து அடி என்று போட்டிருந்தால் அவ்வப்போது எட்டு, ஒன்பது அடி ஒன்று வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாசல். ஓஸ்வீகோ ஆறு பெரும்பாலான ஃபிங்கர் ஏரிகளின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வடக்கு நோக்கி வெளியேறுகிறது. வடமேற்கு அலை அந்த ஓட்டத்துக்கு எதிரே வந்து மோதும்போது, சுவர்களில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து, துறைமுக வாயில்தான் மொத்தப் பயணத்திலும் மோசமான இடமாகிவிடுகிறது. வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று யாராவது சொன்னால், அந்த வாயிலை இரண்டு முறை கடக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

நேர்கோடு | திங்கள், காலை 9.30

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. 34 அடிப் பாய்மரப் படகு இதைவிடப் பெரிய தண்ணீருக்காகவே கட்டப்பட்டது. மூன்று பேர் இருக்கிறீர்கள், படகு நல்ல நிலையில் இருக்கிறது. பெரிய பாயைச் சுருக்கி, எஞ்சினையும் ஓட்டிக்கொண்டு போனால் கிங்ஸ்டன் ஒரு பகல் தூரம்தான். ஏரி கண்ணாடியாக இருந்தால்தான் போவேன் என்று உட்கார்ந்தால் ஜூன் மாதமே கரைந்துவிடும். ஆட்கள் கைவசம் இருக்கும்போது கடப்பதும் பாதுகாப்பில் சேர்த்திதான்.

தென்கரை | திங்கள், காலை 10.05

நேர்கோடு சொல்வதில் படகைப் பற்றியது சரி. படகு தாங்கும். எனக்குக் கவலை ஆட்களைப் பற்றி. ஓஸ்வீகோவிலிருந்து கிங்ஸ்டன் கிட்டத்தட்ட நேர் வடக்கு, சுமார் 46 கடல் மைல். ஐந்தரை நாட் வேகத்தில் எட்டரை மணி நேரம். வடமேற்குக் காற்றில் அது முழுக்கக் காற்றை நெருக்கிப் பிடித்தே போக வேண்டிய பாதை. வேகம் மூன்றாகக் குறைந்தால் பதினைந்து மணி நேரம், கடைசிப் பகுதி இருட்டில், தீவுகளுக்கும் பாறைத்திட்டுகளுக்கும் நடுவே. இரண்டு பேருக்கு வாந்தி வந்துவிட்டால் மூன்றாமவர் தனியாகத்தான் படகு ஓட்டுகிறார்.

இன்னொன்று, இது ஜூன். நடு ஏரியில் தண்ணீர் இன்னும் 10 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். விழுந்தவரின் கைவிரல்கள் சில நிமிடங்களில் வேலை செய்யாமல் போகும். விழுந்தவரை அந்த அலையில் திருப்பிப்போய் எடுப்பதற்கு முன்பயிற்சி வேண்டும்.

நன்னீர்ப்பாய் | திங்கள், மதியம் 12.20

இருவருக்கும் நன்றி. மூவரும் உட்கார்ந்து இதைப் படித்தோம். மனைவி கேட்கச் சொன்ன கேள்வி: நாங்கள் போகலாம் என்று எதை வைத்து முடிவுசெய்வது? எந்தக் காற்று, எந்த அலை?

தென்கரை | திங்கள், மதியம் 1.10

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

அறிக்கையைக் காலையிலும் மாலையிலும் படிப்பேன். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை ஐம்பெரும் ஏரிகளில் காற்று 22 முதல் 33 நாட் வரை இருந்தாலோ, அலை நான்கு அடியைத் தாண்டினாலோ சிறுபடகு எச்சரிக்கை கொடுக்கும். ஆனால் எச்சரிக்கை எடுக்கப்பட்டதுமே கிளம்பிவிடக் கூடாது. காற்று நின்ற பிறகும் அலை அடங்க நேரம் ஆகும். குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) கடந்து போனதும் வானம் பளிச்சென்று இருக்கும், ஏரி மட்டும் பாதி நாளுக்கு மேலாகக் குலுங்கிக்கொண்டிருக்கும். உங்கள் புதன்கிழமை அப்படிப்பட்ட நாளாகத்தான் எனக்குத் தெரிகிறது.

அதனால் ஏரியில் அலையை அளந்து சொல்லும் மிதவைகளைப் பாருங்கள். 45135 என்ற எண்ணுள்ள கனடிய மிதவை பிரின்ஸ் எட்வர்ட் முனைக்குப் பக்கத்தில், உங்கள் பாதையின் வடபாதிக்கு அருகே இருக்கிறது. ராச்செஸ்டருக்கு வடக்கே, நடு ஏரியில் 45012. மேற்கிலிருந்து உங்களுக்கு என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதை அது சொல்லும். இரண்டும் இரண்டு அடிக்குக் கீழே வந்து, அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு 15 நாட் வேகத்துக்குள் காற்று என்று அறிக்கையும் ஒத்துப்போனால், முதல் முறை கடப்பவர்களுக்கு அது நல்ல நாள்.

திசையில் தென்மேற்கு உங்களுக்கு அருமையானது. தெற்குக் காற்றிலும் போகலாம், ஆனால் ஒரு கவனம் வேண்டும். தெற்குக் காற்றடிக்கும்போது ஓஸ்வீகோ கரை மறைவில் இருக்கும். துறைமுகத்துக்கு வெளியே தண்ணீர் தட்டையாகத் தெரியும். இருபது மைல் போன பிறகுதான் அலை வளர்ந்திருப்பது தெரியவரும். அன்றைக்குக் கரையில் நின்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது, மிதவையை நம்புங்கள்.

ஜூனில் மூடுபனியும் உண்டு. சூடான ஈரக்காற்று குளிர்ந்த நீர்மேல் வந்தால் சட்டென்று கட்டிவிடும். உங்கள் பாதை பெருங்கப்பல்களின் தடத்தைக் குறுக்கே வெட்டுகிறது. வெல்லண்ட் கால்வாய்க்கும் செயின்ட் லாரன்ஸுக்கும் நடுவே 740 அடி வரை நீளமுள்ள சரக்குக் கப்பல்கள் போய்வரும். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி இருந்தால் அன்று போடுங்கள்.

லூப் பயணி | திங்கள், மாலை 5.40

நாங்கள் டிராலர் வகைப் படகில் பெருஞ்சுற்று போனபோது ஓஸ்வீகோவில் நீண்ட நாள் நின்றோம். கிழக்கு வட அமெரிக்காவை நீர்வழியாகவே சுற்றிவரும் சுமார் 6,000 மைல் பயணத்தைத்தான் இங்கே பலர் போய்க்கொண்டிருப்பார்கள். பக்கத்துப் படகுகளில் பாருங்கள், அணியத்தில் சின்னக் கொடி தெரியும். அவர்கள் போவது பெரும்பாலும் ட்ரென்டன். அங்கிருந்து 386 கிலோமீட்டர் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழி தொடங்குகிறது.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே காத்திருந்த படகுகளில் தப்பான நாளில் வெளியே போனவர்களுக்குப் பெரும்பாலும் பின்னால் ஒரு விமானச் சீட்டு இருந்தது. அவரை இங்கிருந்தே அனுப்பிவிடுங்கள். சிராகியூஸ் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், விமானமும் ரயிலும் இருக்கிறது. அவர் போனதும் உங்களுக்கு நாள் கெடு எதுவும் இல்லை.

இரண்டு பேர் கடப்பதற்கு ஒரு வழி, கூடவே போக இன்னொரு படகைப் பிடிப்பது. மாலையில் துறைச் சுவரோரம் நடந்து பேசுங்கள். உங்கள் வேகத்திலேயே போகும் ஒரு பாய்மரப் படகு கட்டாயம் இருக்கும். ஆனால் முடிவை மட்டும் அவர்களிடம் ஒப்படைக்காதீர்கள். ஒரு படகு கயிறை அவிழ்த்ததும் மற்றவை எல்லாம் பின்னாலேயே கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். முன்னால் போகிறவர் 50 அடி, இரட்டை எஞ்சின். அவருக்கு இரண்டு மணி நேர வேலை, உங்களுக்கு ஒரு முழுப் பகல்.

சிலர் கிழக்குக் கரையை ஒட்டியே ஹெண்டர்சன் ஹார்பர், சாக்கெட்ஸ் ஹார்பர் என்று போகச் சொல்வார்கள். தூரம் குறைவு, அமெரிக்கப் பக்கத்திலேயே இருப்பதால் சுங்க வேலையும் தள்ளிப்போகும். அமைதியான நாளில் நல்ல யோசனை. மேற்குக் காற்றில் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த ஏரியின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் 'மெக்சிகோ பே' என்ற குடாவில் காற்று உங்களைக் கரைக்கே தள்ளும், ஆழமான படகுக்கு நடுவில் ஒதுங்க நல்ல இடமும் கிடையாது.

பழைய நங்கூரம் | திங்கள், இரவு 8.25

படகில் என்ன வேலை பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி.

டீசலில் தொடங்குங்கள். ஹட்சனிலிருந்து இதுவரை நீங்கள் வந்தது பெரும்பாலும் அமைதியான நீர். டாங்கின் அடியில் பல வருடமாக உட்கார்ந்திருக்கும் கசடு அப்படியே இருக்கும். ஏரியில் முதல் ஒரு மணி நேரக் குலுக்கலில் அது கலங்கி வடிகட்டிக்கு வரும். எஞ்சின் நிற்பது எப்போதும் அலை அதிகமாக இருக்கும்போதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள், காரணம் இதுதான். வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். கருப்பாக ஏதாவது தெரிந்தால் மாற்றுங்கள். உதிரி இரண்டாவது கையில் இருக்கட்டும். மாற்றியபின் காற்றை வெளியேற்றி எஞ்சினைக் கிளப்பும் வேலையை உங்கள் மனைவியும் ஒருமுறை தன் கையால் செய்து பார்க்கட்டும், இருவராகப் போகிறீர்கள் என்றால் இது முக்கியம்.

குளிர்நீர் வடிகட்டியையும் திறங்கள். கால்வாயிலும் ஆற்றிலும் நீர்க்களை நிறைய வரும். 1980களின் கடைசியில் இந்த ஏரிகளுக்குள் வந்த வரிக்குதிரை மட்டி இப்போது எங்கும் இருக்கிறது. நீண்ட நாள் நின்ற படகின் நீர்வாயில் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பாய்மரக் கம்பிகள். நிறுத்திய அன்று இறுக்கியதோடு விடாதீர்கள். கம்பியை இறுக்கும் ஒவ்வொரு முறுக்கிக்கும் கழலாமல் இருக்க ஊசி போட்டிருக்கிறதா, நுனிகள் டேப்பால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் அடியிலிருந்து கண்ணை வைத்து மேலே பார்த்தால் வளைவு இருந்தால் தெரியும். உச்சி விளக்கு எரிகிறதா, வி.எச்.எஃப். ரேடியோவின் ஆண்டெனா வேலை செய்கிறதா என்பதை இங்கேயே சோதித்துவிடுங்கள். பக்கத்துப் படகைக் கூப்பிட்டால் போதாது, அது ஆண்டெனா இல்லாமல்கூடக் கேட்கும். கொஞ்சம் தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுங்கள். அலைத்தடுப்புக்குள் தண்ணீர் அனுமதிக்கும் ஒரு நேரத்தில் பாயை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள்.

கழிவுத் தொட்டியைக் காலி செய்துகொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் கால்வாய்களிலும், ஒன்டாரியோ ஏரியின் நியூயார்க் பகுதியிலும் சுத்திகரித்த கழிவைக்கூட வெளியே விடக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். வெயில் வந்ததும் துறையிலிருந்து குதித்துக் குளிக்க ஆசை வரும். கரை மின்சாரம் இணைத்த படகுகள் நிற்கும் நன்னீர்த் துறையில் யாரும் இறங்கக் கூடாது. ஏதோ ஒரு படகில் வயர் பழுதாகி மின்சாரம் தண்ணீரில் கசிந்தால், உப்பு நீரில் அது பரவிப் போய்விடும். நன்னீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. நம் உடம்புக்குள் உப்பு இருப்பதால் மின்சாரம் உடம்பு வழியாகப் போகிறது. மிகச் சிறிய அளவே தசைகளை முடக்கிவிடும், நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். யாராவது தத்தளித்தால் பின்னால் குதிக்காதீர்கள். முதலில் கரை மின்சாரத்தை அணையுங்கள், மிதவையை வீசுங்கள். நாய்க்கும் இது பொருந்தும்.

நேர்கோடு | திங்கள், இரவு 9.05

கசடு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. கால்வாயிலிருந்து நேராக வந்த படகு என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே அமைதியான நாளில் முதல் கடப்பு வைத்துக்கொள்வது நல்லது, ஒத்துக்கொள்கிறேன். பழகிய ஆட்களோடு, சோதித்த எஞ்சினோடு நான்கு அடியில் போகலாம் என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

கோட்டைமதில் | செவ்வாய், காலை 7.30

ஊரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன், ஏனென்றால் ஓஸ்வீகோவை வெறும் காத்திருப்பு அறையாக நினைத்துக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆற்றின் கிழக்குக் கரையில், மேட்டின்மேல் ஒன்டாரியோ கோட்டை. ஆங்கிலேயர் 1755இல் கட்டியது. அடுத்த வருடமே மோன்காம் தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து ஓஸ்வீகோவைப் பிடித்தது. 1759இல் ஆங்கிலேயர் திரும்பக் கட்டினார்கள், அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகும் 1796 வரை விட்டுக்கொடுக்கவில்லை. 1814இல் மறுபடி தாக்கினார்கள். அந்த மதில்மேல் ஏறி நின்றால் ஏன் இத்தனை பேர் இந்த மூலைக்கு அடித்துக்கொண்டார்கள் என்று படகோட்டிக்குச் சொல்லவே வேண்டாம். உள்நாட்டு ஆறுகளும் ஏரியும் சந்திக்கும் வாயில் இது. ஓஸ்வீகோ கால்வாய் 1828இல் திறந்தபோதும் அதே காரணம்தான்.

ஆனால் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்துக்குத்தான் உங்களை முக்கியமாக அனுப்ப விரும்புகிறேன். 'பாதுகாப்பான புகலிடம்' என்ற பொருள்படும் பெயர் அதற்கு. 1944 ஆகஸ்டில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஐரோப்பாவிலிருந்து 982 அகதிகள் இத்தாலி வழியாகக் கப்பலில் அமெரிக்கா வந்தார்கள். பெரும்பாலோர் யூதர்கள். நாஜிகளிடமிருந்து தப்பியவர்கள். அவர்களை அமெரிக்க அரசு தங்கவைத்த ஒரே முகாம் இந்தக் கோட்டை வளாகம்தான். போர் முடிந்ததும் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிடுவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வரவிட்டார்கள். வேலி போட்ட வளாகம். குழந்தைகள் ஊர்ப் பள்ளிகளில் படித்தார்கள். பெரியவர்கள் ஊரைத் தாண்டிப் போய் வேலை செய்ய முடியாது. போரும் முடிந்தது, அப்போதும் நிலைமை என்ன என்று தெரியாமல் இருந்தார்கள். 1945 டிசம்பரில் அதிபர் ட்ரூமன் அவர்கள் இங்கேயே இருக்கலாம் என்று அறிவித்தார். நயாகரா வழியாகக் கனடாவுக்குள் போய், முறையான விசாவோடு மறுபடி உள்ளே வந்தார்கள். 1946 பிப்ரவரியில் முகாம் மூடப்பட்டது.

அகதி முகாம் என்றால் என்னவென்று வீட்டுக்குள்ளேயே கதை கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அங்கே இருக்கும் புகைப்படங்களுக்கு நேரம் கொடுங்கள். மழை நாளுக்கு ஏற்ற இடம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை, வெயில் நாளிலேயே போங்கள்.

மேற்குக் கரையில் எச். லீ ஒயிட் கடல்சார் அருங்காட்சியகம் துறைமுகத்தின்மேலேயே இருக்கிறது. அங்கே கட்டியிருக்கும் எல்டி-5 என்ற இழுவைப் படகு 1944இல் நார்மண்டிப் படையிறக்கத்தில் வேலை செய்தது. அலைத்தடுப்பின் முனையில் நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1934இல் கட்டியது. 1942 டிசம்பரில் புயலில் சிக்கிப் பல நாளாக உள்ளேயே அடைபட்டிருந்த காவலரை மாற்றப் போன கடலோரக் காவல் படகு துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்து ஆறு பேர் இறந்தார்கள். துறைமுக வாயிலைப் பற்றித் தென்கரை எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இந்த ஊர்ப்பக்கம் பிறந்தவர்தான் மருத்துவர் மேரி வாக்கர். உள்நாட்டுப் போரில் காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை செய்து, அமெரிக்காவின் உயரிய ராணுவப் பதக்கம் பெற்ற ஒரே பெண். 1917இல் பதக்கத்தைப் பறித்தார்கள், அவர் திருப்பிக் கொடுக்க மறுத்து அணிந்துகொண்டே இருந்தார். 1977இல்தான் அது சட்டப்படி மீண்டும் அவருடையதானது.

நன்னீர்ப்பாய் | புதன், காலை 6.15

முடிவைச் சொல்லிவிடுகிறேன். இன்று கிளம்பவில்லை. தென்கரை அக்கா சொன்னது போலவே வானம் நீலமாக இருக்கிறது, காற்று பாதியாகிவிட்டது, ஆனால் பிரின்ஸ் எட்வர்ட் முனை மிதவை இன்னும் நான்கு அடி காட்டுகிறது. மைத்துனரும் மிதவையைப் பார்த்துவிட்டு, நாளைக்கு சிராகியூஸிலிருந்து போகிறேன் என்று தானே சொல்லிவிட்டார். வீட்டுப் பேச்சில் இருந்த இறுக்கம் அத்தோடு போய்விட்டது.

டீசல் வடிகட்டியை மனைவி மாற்றி, காற்றை வெளியேற்றி, எஞ்சினைக் கிளப்பினாள். கிண்ணத்தில் கசடு இருந்தது.

நேற்று மதியம் புகலிட அருங்காட்சியகம் போனோம். மூவரும் அதிகம் பேசாமல் நடந்து திரும்பினோம். கோட்டைமதிலுக்கு நன்றி.

துறையில் கிங்ஸ்டன் போகும் 36 அடிப் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. வயதான தம்பதி, இந்த ஏரியில் நிறைய அனுபவம். சேர்ந்து போகலாம் என்றார்கள். வெள்ளி இரவு அறிக்கையை இரண்டு படகும் தனித்தனியாகப் படித்துவிட்டுப் பேசுவதாக ஏற்பாடு.

இன்னொரு கேள்வி: கனடாப் பக்கம் நுழையும்போது நடைமுறை என்ன? வழியில் மெயின் டக் தீவில் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருவர் சொன்னார்.

லூப் பயணி | புதன், காலை 9.40

மெயின் டக் அழகான இடம், ஓஸ்வீகோவிலிருந்து 28 கடல் மைல், பாதி வழிக்கு மேல். ஆனால் அது கனடிய நிலம். கனடிய எல்லைச் சேவையிடம் பதிவு செய்வதற்கு முன் அங்கே கரை இறங்க வேண்டாம். அதற்கென அறிவிக்கப்பட்ட துறைக்கு நேராகப் போங்கள். கிங்ஸ்டன் பக்கம் அப்படிப்பட்ட துறைகள் இருக்கின்றன, எது என்று கிளம்புமுன் எல்லைச் சேவையின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டியதும் படகின் பொறுப்பாளர் மட்டும் இறங்கி, தொலைபேசிப் பதிவு மையத்தை அழைக்கலாம். அனுமதி எண் கிடைக்கும்வரை மற்றவர்கள், நாய் உட்பட, படகிலேயே இருக்க வேண்டும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பயணம் முழுக்கக் கேட்பார்கள்.

நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். திரும்பி அமெரிக்காவுக்குள் வரும்போதுதான் கூடுதல் வேலை. 2024 ஆகஸ்டிலிருந்து நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் நாய் இறக்குமதிப் படிவம் இணையத்தில் நிரப்பிய ரசீது கையில் இருக்க வேண்டும், நாய்க்கு மைக்ரோசிப்பும் ஆறு மாத வயதும் அவசியம். உங்கள் வருகையை அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் செயலியில் பதியலாம். இதையெல்லாம் ஓஸ்வீகோவில் நல்ல இணையம் இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள், தீவுகளுக்கு நடுவே சிக்னல் விட்டுவிட்டு வரும்.

நன்னீர்ப்பாய் | ஞாயிறு, காலை 10.30

கிங்ஸ்டனிலிருந்து எழுதுகிறேன். நேற்று அதிகாலை ஐந்து மணிக்கு அலைத்தடுப்பைக் கடந்தோம். தென்மேற்குக் காற்று, பத்து நாட் அளவில். மிதவைகள் இரண்டும் ஒரு அடிக்குக் கீழ். வாயிலில் ஆற்று ஓட்டம் படகைத் தள்ளிக் கொடுத்தது. கரையில் அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரம் வெகுநேரம் கண்ணிலேயே இருந்தது, திசை பார்க்க அதுவே போதுமாக இருந்தது.

நடு ஏரியில் கிழக்கே போகும் சரக்குக் கப்பல் ஒன்றை ஏ.ஐ.எஸ்.ஸில் முன்கூட்டியே பார்த்து, வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் போனோம். மதியத்துக்கு மேல் மெயின் டக்குக்கு வடக்கே அலை இரண்டு அடிக்கு வளர்ந்தது. எங்கள் பின்னாலிருந்து வந்ததால் சிரமம் தெரியவில்லை. பாதித் தூரத்துக்கு மேல் சுக்கான் பிடித்தது மனைவிதான். பதிவு தொலைபேசியில் சில நிமிடத்தில் முடிந்தது, நாயின் சான்றிதழைக் கேட்டார்கள்.

பழகிய ஆட்களோடு இதைவிடப் பெரிய அலையில் போகலாம் என்று நேர்கோடு சொன்னது இப்போது எனக்கும் புரிகிறது. திரும்பும்போது காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பார்ப்போம் என்று மனைவியே சொல்கிறாள். இந்த வழியைத் திட்டமிடுகிறவர்களுக்கு என் கருத்து: பாய்மரம் நிறுத்தும் நாளோடு சேர்த்து ஓஸ்வீகோவுக்கு ஒரு முழு வாரம் எழுதிவையுங்கள். கூட வருகிறவர்களின் பயணச் சீட்டை ஏரிக்கு அப்புறமுள்ள ஊரிலிருந்து போடாதீர்கள்.

கீழ்க்காற்று | ஞாயிறு, மாலை 4.00

நல்ல இழை, முழுவதும் படித்தேன். நாங்கள் எதிர்த்திசையில் வருகிறோம், செப்டம்பர் கடைசியில் கிங்ஸ்டனிலிருந்து ஓஸ்வீகோ. அங்கே பாய்மரத்தை இறக்கி ஹட்சன் வழியாகத் தெற்கே போக வேண்டும். அப்போதும் இதே ஒரு வாரக் கணக்குதானா?

தென்கரை | ஞாயிறு, மாலை 6.20

இலையுதிர் காலத்தில் இன்னும் கூட்டியே வையுங்கள். குளிர்முகங்கள் அடுத்தடுத்து வரும், நல்ல இடைவெளிகள் குறுகும், பகலும் குறைவு. அந்த நேரத்தில் தெற்கே போகும் பாய்மரப் படகுகள் எல்லாமே ஓஸ்வீகோவில்தான் மரத்தை இறக்கும், அதனால் கிரேனுக்கு முன்கூட்டியே நாள் சொல்லிவையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் சினூக் சால்மன் ஆற்றில் ஏறும். மீன்பிடிக்க வருகிறவர்களால் துறையிலும் விடுதிகளிலும் இடம் கிடைப்பது கஷ்டம்.

முக்கியமாகக் கால்வாயின் மூடும் தேதி. வழக்கமாக அக்டோபர் நடுவில் மூடிவிடுவார்கள், அந்த வருடத்துக்கான தேதியைக் கால்வாய் நிர்வாகத்தின் அறிவிப்பில் பாருங்கள். பெருமழை பெய்தால் நடுவிலும் படகுகளை ஏற்றி இறக்கும் சில லாக்குகளை (நீர்ப்பூட்டுகளை) நிறுத்துவார்கள். பாய்மரத்தைப் படுக்க வைத்த பிறகு படகின் மொத்த உயரம் தண்ணீரிலிருந்து 20 அடிக்குள் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் நுனிகளில் சிவப்புத் துணி கட்டுங்கள், லாக் சுவரில் முதலில் இடிப்பது அதுதான். லாக் ஊழியர்களை வி.எச்.எஃப். 13ஆம் சேனலில் கூப்பிடலாம்.